லு புய் பக்கம் ஒரு முழுநாள் நடை: கார் இல்லாமல் எப்படித் திட்டமிடுவது?

லியோன்வாசி | ஆகஸ்ட் 11, இரவு 9:42

எல்லாருக்கும் வணக்கம். லியோனில் இருக்கிறோம், கார் கிடையாது. செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை, காலை முதல் மாலை வரை நாட்டுப்புறத்தில் நடக்க வேண்டும் என்று ஆசை. காத்தோலிக்க யாத்திரைக்காரர்கள் ஸ்பெயினில் இருக்கிற சந்தியாகோவுக்குப் போகிற ஜிஆர் 65 என்ற நெடுந்தூர நடைபாதையின் முதல் கட்டம் நல்லது என்று அலுவலகத்தில் சொன்னார்கள். லு புய்-ஆன்-வெலே நகரிலிருந்து சேன் பிரிவா தாலியே வரை, ஏறத்தாழ 24 கிலோமீட்டர்.

சிக்கல் என்னவென்றால் சேன் பிரிவாவில் ரயில் நிலையம் இல்லை. அதைத் தாண்டி மோனிஸ்ட்ரோல் வரை நடந்தால் நிலையம் இருக்கிறது. மொத்தம் சுமார் 30 கிலோமீட்டர் ஆகும். அங்கிருந்து ரயில் பிடித்து லு புய் திரும்பி, இரவு தங்கி, ஞாயிறு லியோன் வருவதாக யோசனை.

நாலு பேர்: நான், மனைவி, மச்சான், மாமனார். மாமனாருக்கு 63 வயது. திருச்சியிலிருந்து வந்திருக்கிறார், தினமும் தெத் தோர் பூங்காவை இரண்டு சுற்று சுற்றிவிட்டுத்தான் காபி குடிப்பார். மச்சான்தான் சந்தேகம்! வரைபடம், சாப்பாடு, தண்ணீர், காலணி பற்றியும் தெரிந்ததைச் சொல்லுங்கள்.

மலைக்குருவி | ஆகஸ்ட் 11, இரவு 10:30

கிளெர்மோனிலிருந்து எழுதுகிறேன், அந்தப் பக்கம் அடிக்கடி போவேன்.

முதலில் ஒரு எச்சரிக்கை. ஓத் லுவார் மாவட்டத்தில் இரண்டு மோனிஸ்ட்ரோல் உண்டு. லியோன், சேன்தெத்தியேன் பக்கத்திலிருந்து லு புய் வரும் வழியில் இருப்பது மோனிஸ்ட்ரோல் சுர் லுவார். நீங்கள் நடந்து போய்ச் சேர்வது மோனிஸ்ட்ரோல் தாலியே, கிளெர்மோனிலிருந்து நீம் போகும் பாதையில், ஆலியே ஆற்றின் பள்ளத்தாக்குக்குள் இருக்கிறது. முதலாவதின் ரயில் நேரத்தைப் பார்த்துவிட்டு "நிறைய ரயில் இருக்கிறதே" என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டாவதில் ஒரு நாளைக்கு விரல்விட்டு எண்ணும் அளவுதான். லு புய் திரும்ப சேன் ஜோர்ஜ் தோராக் நிலையத்தில் மாறவும் வேண்டும். தண்டவாள வேலை நடந்தால் பேருந்துதான்.

அப்புறம், கிலோமீட்டரைக் கொஞ்சம் மறந்துவிட்டு மணிக்கணக்கில் யோசியுங்கள். சமதளத்தில் நாலு பேர் சேர்ந்து நடந்தால் மணிக்கு 4 கிலோமீட்டர். 24-க்கு 6 மணி நேரம். லு புய் சுமார் 630 மீட்டர் உயரம், பாதை 1200 மீட்டரைத் தொட்டுவிட்டுத்தான் சேன் பிரிவாவுக்கு இறங்குகிறது. நடுவில் வரும் சின்னச் சின்ன ஏற்றங்களையும் கூட்டினால் 700 மீட்டர் ஏறுவீர்கள். அதற்கு ஒன்றரை மணி நேரமாவது சேருங்கள். சாப்பாடு, புகைப்படம், காலணிக்குள் புகுந்த கல்லை எடுப்பது, மச்சான் உட்காருவது எல்லாம் இன்னொரு ஒன்றரை மணி. ஆக 9 மணி நேரம்.

இதற்கு மேல் மோனிஸ்ட்ரோல் என்றால், சேன் பிரிவாவிலிருந்து ரோஷ்கூத் என்ற குன்றுச்சிக்கு ஏறி, அங்கிருந்து 350 மீட்டர் போல ஒரே இறக்கம். பாறையும் வேரும் கலந்த வழி, நனைந்திருந்தால் வழுக்கும். காலையில் புதுக்காலோடு இறங்கினால் அருமையான இடம். 24 கிலோமீட்டர் நடந்த முழங்காலோடு, கடைசி ரயிலுக்கு நேரம் பார்த்துக்கொண்டே இறங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை.

நடைராசா | ஆகஸ்ட் 12, காலை 7:05

தம்பி, நல்ல இடம் பிடித்திருக்கிறீர்கள். நான் பாரிஸ் புறநகர், 94-ஆம் மாவட்டம். யாத்திரைக்காரனாக இல்லாமல் நடைக்காரனாகத்தான் போனேன். மலைக்குருவி சொன்னதோடு உடன்படுகிறேன்: மோனிஸ்ட்ரோலை விட்டுவிடுங்கள்.

ஆனால் லு புயில் காலை வெளிக்கிடுகிற அந்த அனுபவத்தை விடாதீர்கள். பேராலயத்தில் காலை 7 மணிக்குப் பூசை, முடிய யாத்திரைக்காரர்களுக்கு ஆசீர்வாதம். பிறகு ஆலயத்தின் நடுத்தரையில் இருக்கிற இரும்புக் கம்பிக்கதவைத் திறந்துவிடுவார்கள், தரைக்குள்ளாலேயே படியில் இறங்கி நேரே ஊருக்குள் போகலாம். நான் சைவக்காரன், ஆனாலும் அந்தப் படியில் இறங்கும்போது ஏதோ செய்தது. 950-ஆம் ஆண்டில் லு புய் ஆயர் கோதெஸ்கால் இங்கிருந்துதான் சந்தியாகோவுக்குப் புறப்பட்டார். பெயர் தெரிந்த பிரெஞ்சு யாத்திரிகர்களில் முதல் ஆட்களில் ஒருவர் என்று அவரைச் சொல்வார்கள்.

பாதை இப்படிப் போகும். ப்ளோ சதுக்கம், பிறகு கப்புசேன் தெரு, நகரை விட்டு வெளியேறுகிற ஏற்றம். ஏறி முடிந்ததும் மேட்டுநிலம். கருங்கல்லை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய வேலிச்சுவர்கள் இரண்டு பக்கமும், நடுவில் பாதை. எல்லாம் எரிமலைப் பூமி, சில இடத்தில் மண் செங்கல்பொடி மாதிரிச் சிவப்பாக இருக்கும். 8 கிலோமீட்டரில் சேன் கிறிஸ்தோஃப் என்ற ஊர், அதே எரிமலைக் கல்லில் கட்டின பழைய தேவாலயம். பிறகு லிக், ராமூரூஸ்கல் போன்ற சிற்றூர்கள். 16 கிலோமீட்டர் போல மோன்போன்னே, அதற்குச் சற்று முன்னால் வெட்டவெளியில் சேன் ரொக் சிற்றாலயம். மோன்போன்னே தாண்டினால் காடு, பாதையின் உச்சி அங்குதான். பிறகு லு ஷியே, அதிலிருந்து சேன் பிரிவா வரை இறக்கம்.

இதில் முதல் 16 கிலோமீட்டரில் நிழல் மிகக் குறைவு. வெயிலைவிடக் காற்றுத்தான் பிரச்சினை. லியோனில் 25 பாகை இருக்கிற நாளில் மேலே காற்றுச்சட்டை தேவைப்படும்.

பாண்டி_துலூஸ் | ஆகஸ்ட் 12, மதியம் 1:15

குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். ஒரே ஒரு நாள்தான் நடக்கப் போகிறீர்கள் என்றால் இந்தக் கட்டத்தையா தேர்ந்தெடுப்பது? அதே ஜிஆர் 65-இல் நாஸ்பினாலிலிருந்து சேன் ஷெலி தோப்ராக் வரை போங்கள். 17 கிலோமீட்டர்தான். கண்ணுக்கெட்டிய தூரம் புல்வெளி, மை தீட்டிய கண்ணோடு ஓப்ராக் மாடுகள். 1998-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தபோது லு புய் பாதையில் ஏழு துண்டுகளை மட்டும் எடுத்தார்கள், அதில் இது ஒன்று. உங்கள் முதல் கட்டம் அந்த ஏழில் இல்லை. நடந்து முடித்தால் அலிகோ சாப்பிடலாம், உருளைக்கிழங்கு மசியலில் பாலாடைக்கட்டியை இழுத்து இழுத்துக் கிளறுவார்களே, அது.

லியோன்வாசி | ஆகஸ்ட் 12, மதியம் 1:50

பாண்டி அண்ணா, படம் பார்த்தேன், சொக்கிப்போனேன். ஆனால் கார் இல்லாமல் நாஸ்பினாலுக்கு எப்படிப் போவது?

பாண்டி_துலூஸ் | ஆகஸ்ட் 12, மதியம் 2:20

கார் இல்லாமல் ஒரே வார இறுதியில் கஷ்டம்தான். அதைக் கவனிக்கவில்லை. சரி, லு புய்க்கே போங்கள். அலிகோவை மறக்காதீர்கள்.

மலைக்குருவி | ஆகஸ்ட் 12, மாலை 6:40

இதுதான் நான் சொல்ல வந்ததும். ஒருநாள் நடையில் பாதை அழகா என்பது இரண்டாவது கேள்வி. எங்கே முடிகிறது, அங்கிருந்து எப்படித் திரும்புவது, நடுவில் யாருக்காவது முடியாமல் போனால் எங்கே விலகுவது என்பதைத்தான் முதலில் முடிவு செய்ய வேண்டும். பல நாள் நடப்பவர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை. சேர்ந்த ஊரிலேயே படுத்து மறுநாள் மேலே போவார்கள். நாம் திரும்ப வேண்டியவர்கள்.

அதனால் ஒரு யோசனை: திருப்பி நடங்கள். காலையில் லு புயிலிருந்து வாடகை வண்டியில் சேன் பிரிவா போய்விடுங்கள், அரை மணி நேரம்தான். அங்கிருந்து லு புய்க்கு நடந்து வாருங்கள்.

இதில் என்ன லாபம்? எந்த வண்டியையும் பிடிக்க வேண்டியதில்லை. உங்கள் அறை, ரயில் நிலையம், சாப்பாட்டுக்கடை எல்லாம் முடிகிற இடத்திலேயே இருக்கிறது. ஆறு மணிக்கு வந்தாலும் எட்டு மணிக்கு வந்தாலும் யாரும் கேட்கப் போவதில்லை. பெரிய ஏற்றம் முதல் ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும், கிட்டத்தட்ட 890-லிருந்து 1200 மீட்டர் வரை, அதுவும் காலைக் குளிரில். மொத்த ஏற்றமும் குறைவு. பிற்பகல் வெயில் முதுகுக்குப் பின்னால் விழும். யாத்திரைக்காரர்கள் மேற்கே போவதால் மாலை முழுக்கச் சூரியனை முகத்தில் வாங்கிக்கொண்டு நடப்பார்கள்.

விலகும் இடமும் வசதியாக இருக்கிறது. மோன்போன்னே நேராக டி589 சாலையில் உட்கார்ந்திருக்கிறது, லு புய்-சேன் பிரிவா சாலையே அதுதான். மூன்று மணி நேர நடையில் அங்கே வந்துவிடுவீர்கள். மச்சான் அந்த நேரம் முகத்தைச் சுளித்தால் அங்கிருந்தே வண்டிக்குப் போன் போடலாம்.

நடைராசா | ஆகஸ்ட் 12, இரவு 8:15

பிள்ளை சொல்வது கணக்குக்குச் சரி. மனதுக்குச் சரியா என்பது வேறு கதை. யாத்திரைப் பாதையில் எதிர்த்திசையில் போனால் வருகிற ஒவ்வொருவரும் "வழி தவறிவிட்டீர்களா?" என்று கேட்பார்கள். செப்டம்பரில் காலை முழுக்கக் கூட்டம் கூட்டமாக வருவார்கள், அத்தனை பேருக்கும் போன்ஷூர் சொல்ல வேண்டும். சொல்லாமல் போகக் கூடாது, நாட்டுப்புறத்தில் அது பெரிய மரியாதைக்குறைவு.

குறியீடும் ஒரு விஷயம். மேலே வெள்ளை, கீழே சிவப்பு, இரண்டு கோடு போட்டிருந்தால் ஜிஆர் பாதை. இரண்டு கோடும் குறுக்கே வெட்டி பெருக்கல் குறியாக இருந்தால் அந்தப் பக்கம் போகாதே என்று அர்த்தம். கோட்டுக்குக் கீழே வளைந்த அம்பு என்றால் திருப்பம். கோடுகளை இரண்டு திசைக்கும்தான் போடுகிறார்கள், ஆனால் யாத்திரையின் அடையாளமான சிப்பிச் சின்னங்களும் யாத்திரைப் பலகைகளும் மேற்கே போகிறவனுக்காக வைத்தவை. திரும்பி நடப்பவன் சந்திகளில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

மலைக்குருவி | ஆகஸ்ட் 12, இரவு 8:50

அண்ணா, போன்ஷூர் சொல்லி வாய் வலித்தால் சரியாகிவிடும், ரயில் போய்விட்டால் என்ன செய்வது? :)

குறியீட்டில் நேர்த்திசைக்கும் ஒரு சிக்கல் உண்டு. லு புயிலிருந்து ஜிஆர் 65 மட்டும் கிளம்பவில்லை. ஜிஆர் 70 தெற்கே போகிறது, ஜிஆர் 3 இருக்கிறது, வெலே வட்டாரத்தைச் சுற்றுகிற ஜிஆர் 40 இருக்கிறது, எல்லாவற்றுக்கும் அதே வெள்ளை-சிவப்புதான். போதாததற்கு அந்த ஜிஆர் 65 பாதையே ஜெனீவாவிலிருந்து வந்து லு புய் வழியாகப் போவது. நகருக்குள் கோட்டை மட்டும் நம்பிக் காலையில் கிளம்புகிறவர்கள் தப்பான திசைக்குப் போக வாய்ப்பு அதிகம். திரும்பி வருகிறவர்களுக்கு அந்தக் குழப்பம் இல்லை, ஊர் கண்ணுக்கு முன்னால் தெரியும்.

அந்தக் காட்சியும் சும்மா இல்லை. மேட்டுநிலத்திலிருந்து இறங்கும்போது கிண்ணம் மாதிரிப் பள்ளத்தில் நகரம், நடுவில் முளைத்த எரிமலைப் பாறைகள். ஒன்றின் உச்சியில் சேன் மிஷேல் சிற்றாலயம், 10-ஆம் நூற்றாண்டு, 268 படி. இன்னொன்றின் மேல் செந்நிற மாதா சிலை. கிரீமியப் போரில் செவஸ்தோபோலில் பிடித்த 213 பீரங்கிகளை உருக்கி வார்த்தது, 1860-இல் திறந்தார்கள். காலையில் இதற்கெல்லாம் முதுகைக் காட்டிக்கொண்டு போவதைவிட மாலையில் நேராகப் பார்த்துக்கொண்டு வருவது மேல்.

நடைராசா | ஆகஸ்ட் 12, இரவு 9:05

அது உண்மைதான். ஏறுகிற வழியில் நானும் இரண்டு முறை திரும்பித் திரும்பிப் பார்த்தவன். சரி, 63 வயசு மாமாவும் வருகிறபடியால் திருப்பி நடக்கிறதுக்கே என் ஓட்டு. ஆசீர்வாதம் வேண்டுமென்றால் ஞாயிறு காலை ஆலயத்தைப் பாருங்கள். கறுப்பு மாதா சொரூபம் இருக்கிறது. பழையதைப் புரட்சிக்காலத்தில், 1794-இல், எரித்துவிட்டார்கள். இப்போது இருப்பது வேறு.

சோத்துமூட்டை | ஆகஸ்ட் 13, காலை 11:00

இவ்வளவு பேசியும் சாப்பாட்டைப் பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லையே! நான் சொல்கிறேன்.

புளிச்சோறு. வேறு பேச்சே இல்லை. முதல் நாள் லியோனில் கிளறி எடுத்துப் போனால் மறுநாள் மதியம் வரை கெடாது, அதிலும் அந்தக் குளிரில். தயிர்சாதம் வேண்டாம், பைக்குள் கொட்டினால் வரைபடம் போச்சு. தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்கு சிப்ஸ், உப்பும் கிடைக்கும். நடுநடுவே பேரீச்சம்பழம், கடலைமிட்டாய்.

வழியில் வாங்கிக்கொள்ளலாம் என்று மட்டும் கிளம்பாதீர்கள். இந்த ஊர்களில் கடை என்பதே அரிது. இருக்கிற கடையும் 12 மணிக்கு ஷட்டரை இறக்கினால் 2 மணிக்கு மேல்தான். ரொட்டிக்கடைக்குத் திங்கட்கிழமை விடுமுறை என்பது பல ஊர்களில் பழக்கம். நீங்கள் போவது சனிக்கிழமை, அன்று காலை லு புயில் ப்ளோ சதுக்கத்தில் சந்தை கூடும். வண்டி ஏறுவதற்கு முன் ரொட்டி, பழம், பாலாடைக்கட்டி வாங்க நேரம் வையுங்கள்.

இரவுச் சாப்பாட்டுக்கு லு புய் பச்சைப் பருப்பு. 1996-இலேயே பிறப்பிடச் சான்று வாங்கிய பருப்பு இது. தோல் மெல்லிசு, வேகவைத்தாலும் குழையாது, நம் சாம்பாருக்கு ஆகாது. ஆனால் கவனம்: உணவகத்தில் அதை உப்புப் பன்றியிறைச்சியோடு அல்லது தொத்திறைச்சியோடுதான் தருவது வழக்கம். மாமனார் சைவம் என்றால் முன்பதிவு செய்யும்போதே சொல்லிவிடுங்கள். "இறைச்சி வேண்டாம்" என்றால் மீனைக் கொண்டுவந்து வைக்கிற ஊர் இது, "மீனும் வேண்டாம்" என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

லியோன்வாசி | ஆகஸ்ட் 13, இரவு 9:20

மாமனார் சைவம்தான், எப்படிக் கண்டுபிடித்தீர்கள்! புளிக்காய்ச்சல் அவரே செய்வதாகச் சொல்லிவிட்டார்.

திருப்பி நடக்கிற யோசனை வீட்டில் எல்லாருக்கும் பிடித்துவிட்டது. தேதிக்கு வருகிறேன். செப்டம்பர் நடுவில் ஒரு சனிக்கிழமைக்கு லு புயில் அறை தேடினேன், ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. அவ்வளவு கூட்டமா யாத்திரைக்கு? அக்டோபர் கடைசியில் பள்ளி விடுமுறைக்குத் தள்ளிவிடலாமா?

மலைக்குருவி | ஆகஸ்ட் 13, இரவு 10:10

யாத்திரை மட்டும் காரணமில்லை. செப்டம்பர் நடுவில் அங்கே "பறவை ராஜா" திருவிழா, மறுமலர்ச்சிக் கால உடைகளில் ஊரே தெருவில் இருக்கும். ஆகஸ்ட் 15 மாதா திருநாளுக்கும் இதே கதிதான். செப்டம்பர் கடைசிச் சனிக்கிழமைக்குத் தேடிப் பாருங்கள்.

அக்டோபர் கடைசி வேண்டாம். கடைசி ஞாயிறு கடிகாரத்தைப் பின்னால் திருப்புவார்கள், அதற்கப்புறம் ஐந்தரைக்கே இருட்டத் தொடங்கும். தங்குமிடங்கள் பல மூடிவிடும், மேட்டுநிலத்தில் மூடுபனி. செப்டம்பர் கடைசியில் காலை ஏழரைக்கு விடிந்து மாலை ஏழரைக்கு அஸ்தமனம். பன்னிரண்டு மணி நேர வெளிச்சம், ஒன்பது மணி நேர நடை. இதைவிடக் குறைந்த இடைவெளியில் நான் திட்டம் போடமாட்டேன்.

பாண்டி_துலூஸ் | ஆகஸ்ட் 14, காலை 8:30

செப்டம்பர் கடைசி என்றால் வேட்டைக்காலம் ஆரம்பித்திருக்கும், பிப்ரவரி கடைசி வரை ஓடும். வார இறுதியில்தான் அதிகம் கிளம்புவார்கள். மோன்போன்னே பக்கத்துக் காட்டுப் பகுதியில் "வேட்டை நடக்கிறது" என்று பலகை வைத்திருந்தால் கவனியுங்கள். பயப்பட வேண்டாம். ஆளுக்கு ஒரு ஆரஞ்சு நிறச் சட்டையோ தொப்பியோ போட்டுக்கொண்டு, பாதையை விட்டு இறங்காமல், பேசிக்கொண்டே போங்கள். பழுப்பு, கரும்பச்சை உடை வேண்டாம். வேட்டைக்காரர்களைப் பார்த்தால் கையை ஆட்டி வணக்கம் சொல்லுங்கள், எந்தப் பக்கம் சுடுகிறார்கள் என்று அவர்களே சொல்வார்கள்.

மாடுகள் உள்ள அடைப்பின் வழியே போக நேர்ந்தால் தாய்க்கும் கன்றுக்கும் நடுவில் புகாதீர்கள். வேலிக்கதவைத் திறந்தால் பின்னால் மூடிவிடுங்கள். மின்கம்பி வேலியில் மாமனார் கைவைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் சுரீர் என்று இருக்கும்.

லியோன்வாசி | ஆகஸ்ட் 14, மதியம் 12:40

மச்சான் ஓட்டக்காலணியில் வருவேன் என்கிறான், நான் கணுக்கால் மூடிய மலைக்காலணி வாங்கச் சொல்கிறேன். யார் சொல்வது சரி? வரைபடத்துக்கு எந்தச் செயலி?

நடைராசா | ஆகஸ்ட் 14, மாலை 5:55

மச்சான் சொல்வதுதான் சரி. இந்தப் பாதைக்குப் பழகின சப்பாத்துதான் வேண்டும், அடிப்பாகம் தேயாமல் இருந்தால் போதும். நடைக்கு இரண்டு வாரத்துக்கு முன் கடைக்குப் போய்க் கனமான புதுச் சப்பாத்து வாங்கிக்கொண்டு வருகிறவன்தான் பாதி வழியில் கொப்புளத்தோடு உட்காருவான். பருத்திக் காலுறை வேண்டாம், வியர்வையைப் பிடித்து வைக்கும். முதல் நாள் இரவும் காலையிலும் பாதத்தில் கொழுப்புக் களிம்பு தடவுங்கள். மருந்துக்கடையில் நடைக்காரர்களுக்கென்றே விற்கிறார்கள், வாஸ்லீனும் பரவாயில்லை. கால்நகத்தை ஒட்ட வெட்டுங்கள். கடைசியில் லு புய்க்கு இறங்குகிற இறக்கத்தில் விரல் முன்னால் போய் இடிக்கும்.

சூடு தெரிந்த உடனே நின்று ஒட்டுப்போட வேண்டும். "அடுத்த ஊரில் பார்ப்போம்" என்று மானம் பார்த்து நடந்தால் அடுத்த ஊரில் பார்க்கப் புண்தான் இருக்கும்.

மலைக்குருவி | ஆகஸ்ட் 14, இரவு 7:30

வரைபடம்: பிரெஞ்சு அரசின் நிலவரைபட நிறுவனமான ஐஜிஎன் வெளியிடும் 1:25,000 தாள்தான் எனக்கு எப்போதும். ஒரு சென்டிமீட்டருக்கு 250 மீட்டர், சுவரும் சிலுவையும் கிணறும்கூடத் தெரியும். கைப்பேசியில் என்றால் அதே ஐஜிஎன்னின் செயலி இருக்கிறது. எந்தச் செயலியானாலும் வீட்டிலேயே அந்தப் பகுதியை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். சில பள்ளங்களில் சிக்னல் இருக்காது. ஒரு கைப்பேசியை மட்டும் நம்பி நாலு பேர் போக வேண்டாம்.

தண்ணீர் ஆளுக்கு ஒன்றரை லிட்டராவது கிளம்பும்போதே. ஊர்களில் குழாய் உண்டு, "குடிக்கத் தகாதது" என்று எழுதியிருந்தால் தொடாதீர்கள். ஒன்றும் கிடைக்காவிட்டால் கல்லறைத் தோட்டத்தைத் தேடுங்கள், பூச்செடிக்காக ஒரு குழாய் வைத்திருப்பார்கள். பிரான்சில் நீண்ட தூரம் நடக்கிற எல்லாருக்கும் தெரிந்த வழி இது. அதிலும் பலகையைப் பாருங்கள். மாமனாரிடம் அது கல்லறைக் குழாய் என்று சொல்வதா வேண்டாமா என்பது உங்கள் பாடு.

மாலை அறைக்கு வந்ததும் முழங்கால் பின்புறம், இடுப்பு, அக்குள் எல்லாம் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் உண்ணி எடுக்கும் கொக்கியால் சுழற்றி எடுக்க வேண்டும், எண்ணெய் ஊற்றவோ சூடு வைக்கவோ கூடாது. பிறகு சில வாரத்துக்குள் அந்த இடத்தைச் சுற்றி வட்டமாகச் சிவந்து பரவினால் மருத்துவரிடம் போங்கள், லைம் நோய் அப்படித்தான் தொடங்கும்.

சோத்துமூட்டை | ஆகஸ்ட் 14, இரவு 8:00

கல்லறைத் தண்ணீரில் புளிச்சோறு. இந்த இழையைப் படித்த பிறகு நான் சோபாவிலேயே இருந்துகொள்கிறேன்.

லியோன்வாசி | ஆகஸ்ட் 16, காலை 10:25

செப்டம்பர் கடைசிச் சனிக்கிழமைக்கு அறை கிடைத்துவிட்டது, வெள்ளி, சனி இரண்டு இரவு. இப்போது திட்டம் இது, ஓட்டை இருந்தால் சொல்லுங்கள்.

வெள்ளி மாலை லியோனிலிருந்து ரயில். சனி காலை 7:45 சந்தை, 8:30 வாடகை வண்டி. 9:00 சேன் பிரிவாவிலிருந்து நடை. 10:45 காட்டு உச்சி. 12:00 மோன்போன்னே, சாப்பாடு, அங்கே யார் தொடர்வது யார் வண்டி ஏறுவது என்று முடிவு. 3:15 சேன் கிறிஸ்தோஃப். 6:00 லு புய். அதற்கு மேல் ஒன்றரை மணி நேர வெளிச்சம் கையிருப்பு.

மலைக்குருவி | ஆகஸ்ட் 16, காலை 11:10

நன்றாக இருக்கிறது. ஒன்று மட்டும்: வண்டியை 8:00 மணிக்கு மாற்றி, சந்தையை 7:15-க்கு வையுங்கள். காலையில் மிச்சம் பிடிக்கிற அரை மணி நேரம் மாலையில் ஒரு மணி நேரத்துக்குச் சமம். வெள்ளி மாலையும் சனி காலை ஆறரைக்கும் வானிலை நிலையமான மெத்தேயோ பிரான்ஸின் எச்சரிக்கை வரைபடத்தில் 43-ஆம் மாவட்டத்தை, அதாவது ஓத் லுவாரைப் பாருங்கள். ஆரஞ்சு என்றால் போக வேண்டாம், அன்று படி ஏறி சேன் மிஷேல் பார்த்துவிட்டு வீடு திரும்புங்கள். மஞ்சள் என்றால் எதற்காக மஞ்சள் என்று படியுங்கள். மழையென்றால் போகலாம், இடியென்றால் அந்த மரமில்லாத மேட்டில் நிற்க வேண்டாம். அவசரத்துக்கு 112.

வாடகை வண்டியைச் சனி காலையில் தேடாதீர்கள், இப்போதே பேசி வையுங்கள். யாத்திரைக்காரர்களின் பைகளை ஊர் ஊராக ஏற்றிச் செல்லும் வேன்கள் ஆட்களையும் ஏற்றுகின்றன. அவற்றையும் கேளுங்கள், நாலு பேருக்கு அது மலிவாகப் படலாம்.

லியோன்வாசி | ஆகஸ்ட் 16, மாலை 4:30

போன் செய்துவிட்டேன். "சேன் பிரிவா, நாலு பேர், காலை எட்டு மணி" என்று சொன்னேன், சரி என்றார்கள். விலை கொஞ்சம் அதிகமாகத் தோன்றியது, தூரம் 50 கிலோமீட்டருக்கு மேல் என்றார்.

நடைராசா | ஆகஸ்ட் 16, மாலை 4:50

நில்லுங்கள் தம்பி! சேன் பிரிவா தாலியேக்கு லு புயிலிருந்து அவ்வளவு தூரமில்லை. அதே மாவட்டத்தில் பிரியூத் பக்கம் சேன் பிரிவா தூ திராகோன் என்று இன்னொரு ஊர் இருக்கிறது. அதைத்தான் எழுதிக்கொண்டார் போல. இப்போதே திரும்ப அழைத்து "தாலியே" என்று முழுப்பெயரையும், டி589 சாலையையும் சொல்லுங்கள்.

லியோன்வாசி | ஆகஸ்ட் 16, மாலை 5:05

அதேதான். மாற்றிவிட்டார், விலையும் பாதியாகிவிட்டது.